டீமேக்கர் கவிழ்த்த போத்தல்

கழுவுதொட்டியில் நுரை ஏறிக்கொண்டிருந்தது. முதலில் கண்ணில் பட்டது அதுதான். பிறகுதான் போத்தலைத் தலைகீழாகப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் வெள்ளைத் துணி மடிப்புக் கலையாமல் தொங்கியது. பொன்னிறத் தண்ணீர் குபுக் குபுக்கென்று இறங்கி, பொங்கி, தொட்டியின் விளிம்பைத் தொட்டுவிட்டு அடங்கியது. பேன்ட்ரி முழுக்க பேக்கரிக்குள் நுழைந்ததுபோல ஒரு மணம். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் மணம். எங்கள் ஹோட்டலில் வருடக்கணக்காக வைத்த ஷாம்பெயின் என்று இருந்ததே அந்த ஒரு போத்தல்தான். வெளியே புல்தரையில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி, தங்கள் கல்யாண நாளுக்கு அதைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். டீமேக்கர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் பயமே இல்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்த ஆளின் முகம் அது.

“புளிச்சிருச்சுங்க தம்பி. இத வெளிய அனுப்ப முடியாது,” என்றார்.

அந்த ரொட்டி மணத்துக்குத்தான் அந்தப் போத்தலுக்கு அவ்வளவு விலை. எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

நான் இன்றும் அதே ஹோட்டலில்தான் இருக்கிறேன். பாருக்கு வைன் வாங்குவது என் பொறுப்பு. நுவரெலியாவில் கல்யாணம் வைப்பவர்கள், வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று பரபரப்பவர்கள், ஃபோனில் கூப்பிட்டு, நல்ல ஷாம்பெயின் எது என்று கேட்கிறார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்களுக்கு வேண்டியது ஷாம்பெயினா, அல்லது நுரைக்கிற ஏதாவதொரு வைனா என்று. பலருக்கு அது ஒன்றுதான். ஒன்றல்ல. ஷாம்பெயின் என்பது பிரான்சில் ஓர் ஊர்ப்பக்கத்தின் பெயர். அங்கே விளைந்து, அங்கே செய்ததற்குத்தான் அந்தப் பெயர். பதுளைப் பக்கத்துத் தூளைப் பெட்டியில் போட்டு நுவரெலியாத் தேயிலை என்று எழுதினால் நமக்குக் கோபம் வராதா? அதுபோலத்தான். ஸ்பெயினில் செய்தால் காவா, இத்தாலியில் ஒரு பக்கத்தில் செய்தால் ப்ரொசெக்கோ. இவை எல்லாவற்றையும் சேர்த்து ஸ்பார்க்ளிங் வைன் என்பார்கள். எங்கள் பாரில் நாங்கள் நுரை வைன் என்போம். மட்டமான சிலதில் சோடாவுக்கு அடிப்பதுபோலக் காற்றை அடித்து ஏற்றியிருப்பார்கள். பெரிய பெரிய குமிழி, கிளாஸில் ஊற்றி நாலு வார்த்தை பேசுவதற்குள் செத்துவிடும். அதை வாங்குவதற்குச் சோடாவே வாங்கலாம். இவ்வளவும் ஃபோனில் சொல்லிவிடுவேன். சொல்லும்போதெல்லாம் டீமேக்கர் ஞாபகம் வரும். இந்த விஷயங்களை யாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டுமோ அவருக்குச் சொல்லவில்லை.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பக்கம். தேயிலை ஃபாக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்லுவோம். அவர் அங்கே டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகப் பெட்டியில் அடைகிறவரை எல்லாம் அவர் மூக்குக்கும் நாக்குக்கும் கட்டுப்பட்டது. உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைத்திருக்கிற அறைக்குள் போய், ஒரு பிடி அள்ளி முகத்தருகே வைத்து முகர்வார். பச்சைப் புல் மணம் போய்ப் பழ மணம் ஏறும். அது உச்சிக்கு வரும்போது கையைத் தூக்குவார். உடனே கொழுந்து அடுப்புக்குப் போக வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் புளிப்பு வாடை வந்துவிடும். தட்டுகளைச் சரியாகக் கழுவவில்லை என்றால் ஈஸ்ட் மணம், பழைய மாவு மணம் கிளம்பும். அப்படி ஒன்று வந்தால் அன்றைய கொழுந்தை அப்படியே கொட்டச் சொல்லிவிடுவார். “என் மூக்கத் தாண்டாம ஒண்ணும் வெளிய போகாது” என்பது அவர் சொல்கிற வார்த்தை. தோட்டத்தில் எல்லாரும் அவரை ஐயா என்றோம். அவர் எங்களை அப்படியெல்லாம் கூப்பிட்டதில்லை.

என் அம்மா அந்த ஸ்டோரில் வேலை செய்தார். காய்ந்த தூளிலிருந்து நார் பொறுக்குகிற வேலை. மலையில் கொழுந்து எடுப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய வேலை. மழை இல்லை, அட்டைக்கடி இல்லை, காலில் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு திருவிழாவுக்கு மறுநாள் காலை, அம்மா தலையில் வாசனை எண்ணெய் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். டீமேக்கர் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார். எல்லாருக்கும் முன்னால், “வெளிய போ” என்றார். அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. அம்மா மழையில் நனைந்துகொண்டு லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு, வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு ஸ்டோரில் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது இருக்கும். நான் மறக்கவில்லை.

பிறகு ஸ்டோரை மூடினார்கள். கொழுந்தை வேறு தோட்டத்து ஸ்டோருக்கு லொறியில் அனுப்பினார்கள். தோட்டத்து மேனேஜர் இருந்த பழைய தொரை பங்களாவை ஒரு கம்பனி எடுத்து ஹோட்டலாக்கியது. நான் கொழும்பு ஹோட்டல்களில் பார் வேலை பழகிவிட்டு, இங்கே பார் சூப்பர்வைசராகத் திரும்பி வந்தேன். வந்த முதல் வாரமே மேனேஜர் ஒரு பேரைக் கொடுத்தார், பரிமாறுவதற்கு ஒரு புது ஸ்டுவர்ட், நீதான் பழக்க வேண்டும் என்று. பார்த்தால் டீமேக்கர். அவர் இருந்த குவார்ட்டர்ஸ், ஹோட்டல் எடுத்துக்கொண்ட நிலத்துக்குள் வந்துவிட்டது. ஹோட்டலில் வேலை பார்த்தால் வீட்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று கம்பனி சொல்லிவிட்டது. அவர் பிறந்ததே தோட்டத்துக் குவார்ட்டர்ஸில்தான். அவருடைய அப்பாவும் ஸ்டாஃப். ஊர் என்று, காணி என்று, சொந்தமாக ஒரு பிடி மண் எங்கேயும் கிடையாது. மனைவியும் அவரும்தான் அந்த வீட்டில். ஐம்பத்தைந்து வயதில் கறுப்புக் கால்சட்டை போட்டு, கழுத்தில் போ டை கட்டிக்கொண்டு, தட்டு ஏந்த வந்து நின்றார். என்னைப் பார்த்ததும், “வணக்கங்க தம்பி” என்றார். நான் ஐயா என்று சொல்லவில்லை. “வாங்க டீமேக்கர்” என்றேன். அவர் அதைக் கவனித்தார்.

அவருக்குப் பழக்க என்னிடம் ஹோட்டல்காரர்கள் கொடுத்த தாள் ஒன்று இருந்தது. நாலு பக்கம். திறப்பது, ஊற்றுவது, இனிப்பின் அளவுகள், கடைசிப் பக்கத்தில் மணங்கள். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

திறப்பதிலிருந்து ஆரம்பித்தேன். இதை எல்லாரும் தப்பாகத்தான் செய்கிறார்கள். சினிமாவில் வருவதுபோல ஆட்டிவிட்டு, டப்பென்று வெடிக்கவிட்டு, பாதியைத் தரையில் கொட்டுவது திறப்பது ஆகாது. அந்தப் போத்தலுக்குள் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் இருக்கிறது. முதலில் நன்றாகக் குளிர வைக்க வேண்டும். குளிர்ந்தால் காற்று அடங்கியிருக்கும். கழுத்தைச் சுற்றிய ஈயத்தாளை உரித்துவிட்டு, கட்டைவிரலைத் தக்கைமேல் அழுத்தி வைத்துக்கொண்டு கம்பியைத் தளர்த்த வேண்டும். விரலை எடுக்கவே கூடாது. போத்தலைச் சாய்த்து, தக்கையை ஒரு கையால் இறுகப் பிடித்து, மற்றக் கையால் போத்தலின் அடியைத் திருப்ப வேண்டும். தக்கையைத் திருகக் கூடாது. தானாக வெளியே வரும். வரும்போது தடுத்துத் தடுத்து விட வேண்டும். சரியாகத் திறந்தால் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம்தான் கேட்கும்.

ஸ்டோரில் பாய்லரோடு காலம் தள்ளிய டீமேக்கருக்கு அழுத்தம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனாலேயே பயந்தார். முதல் போத்தலைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். சமையற்காரர் பார்த்துவிட்டு, “ஐயா, அது போத்தலுங்க, பாய்லர் இல்ல” என்று கேலி செய்தார். “பாய்லராச்சும் விசில் அடிச்சிட்டுத்தான்யா வெடிக்கும்” என்றார் இவர். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, விருந்தாளிகளுக்கு முன்னால் நீங்கள் திறக்க வேண்டாம், உள்ளே திறந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். அது முறையே இல்லை. போத்தலை மேசையில் காட்டி, அவர்கள் கண் முன்னால்தான் திறக்க வேண்டும். இன்னும் நாலு போத்தல் திறக்க வைத்திருந்தால் நடுக்கம் போயிருக்கும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அவர் நடுங்குவதைப் பார்க்கப் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

இரண்டாம் நாள் இனிப்பின் அளவுகள். போத்தலில் ப்ரூட் என்று எழுதியிருந்தால் இனிப்பு மிகக் குறைவு. எக்ஸ்ட்ரா ட்ரை என்று இருந்தால் ப்ரூட்டைவிடச் சற்று இனிப்பு. டெமி செக் என்றால் நன்றாக இனிக்கும். ட்ரை என்றாலே இனிப்பில்லாதது என்று அர்த்தம் சொல்லிவிட்டு, எக்ஸ்ட்ரா ட்ரை ப்ரூட்டைவிட இனிப்பு என்றால் யாருக்குத்தான் குழம்பாது? டீமேக்கர் தாளை மூக்குக்கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “எங்க ஸ்டோர்ல இப்புடிப் பேரு வச்சுப் பெட்டி அனுப்புனா, கொழும்புக்காரன் தேடி வந்து அடிப்பான்” என்றார். ஆனால் மறக்கவில்லை. மறுநாளே ஒரு கல்யாண விருந்தில், கேக்கோடு ப்ரூட் வேண்டாம், அந்த இனிப்புக்கு இது வெறும் புளித்தண்ணியாகத் தெரியும், டெமி செக் கொடுப்போம் என்று என் காதில் சொன்னார். சரியான பேச்சு. இன்றைக்கும் அதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். கேக் வெட்டும்போது குடிக்கவென்றால் இனிப்பானதை எடுங்கள். வடை, ரோல்ஸ், கட்லட் என்று எண்ணெயில் பொரித்ததோடு குடிக்கவென்றால் ப்ரூட் எடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கை அது அறுத்துக்கொண்டு போகும். உறைப்பு அதிகமென்றால் லேசான இனிப்பு நல்லது. யாருக்கும் எதுவும் தெரியாத பெரிய கூட்டமென்றால் ப்ரொசெக்கோ போதும். விலை உயர்ந்ததை வாங்கிப் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றாதீர்கள். கடைக் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்காக வெயிலில் நின்ற போத்தலை, சும்மா தந்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாம் நாள் ருசி பார்த்தோம். விருந்தாளிகள் மிச்சம் வைத்த போத்தல்களில் இரண்டை மூடிக் குளிரில் வைத்திருந்தேன். அவர் தேயிலை ருசி பார்க்கிற மாதிரியே, ஒரு வாயை உஸ்ஸென்று சத்தத்தோடு உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்திலிருந்த வாளியில் துப்பினார். ப்ரொசெக்கோவில் பேரிக்காய் மணம் என்று தாளில் போட்டிருந்தது. நுவரெலியாச் சந்தையில் பேரிக்காய் இருப்பதால் தப்பித்தோம். சரிதான், பேரிக்காய்தான், கொஞ்சம் பூ வாசமும் இருக்கிறது என்றார். பிறகு நான் வேறொரு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். வாய்க்கருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். கிளாஸில் சோப்பு வாசம் என்றார். நான் முகர்ந்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கிளாஸில் குமிழி எழும்பாமல் கிடந்தது. சோப்பு மிச்சமிருந்தால் குமிழி சாகும். அவர் சொன்னது சரி.

அப்போது பேச்சு வாக்கில் சொன்னார். தேயிலையும் இப்படித்தான், பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும், ஒரு பெண் வாசனை எண்ணெய் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும், அதனால் உடனே வெளியே அனுப்பிவிடுவேன் என்று. அது என் அம்மா என்பது அவருக்கு நினைவிருந்ததா, தெரியாது. காரணம் இவ்வளவுதானா? இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தையை அன்றைக்கு அம்மாவிடம் சொல்லியிருந்தால், சீயக்காய் போட்டு முழுகிவிட்டு மறுநாள் வந்து உட்கார்ந்திருப்பார். இத்தனை வருடம் மழையில் மலை ஏறியிருக்க மாட்டார்.

தாளில் கடைசிப் பக்கம் மிச்சமிருந்தது. வருடக்கணக்காக வைத்த ஷாம்பெயினில் ரொட்டி மணம், பிஸ்கட் மணம், வறுத்த பாதாம் மணம் வரும், அது கெட்டது அல்ல, அதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்று அதில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். தாளை மடித்து, பழகியது போதும், போய் வேலையைப் பாருங்கள் என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தத் தம்பதி வந்தார்கள். நான் பாரில் வேறொரு கூட்டத்தோடு நின்றேன். அவர் நான் சொன்னபடியே போத்தலை உள்ளே கொண்டுபோனார். நடுங்காமல் திறந்தார் என்று சமையற்காரர் பிறகு சொன்னார், சத்தமே வரவில்லையாம். திறந்ததும் பழக்கப்படி முகர்ந்திருக்கிறார். கழுவாத தட்டு, ஈஸ்ட், பழைய மாவு. வாழ்நாள் முழுக்க எதைக் கண்டு பயந்தாரோ அந்த மணம். கவிழ்த்துவிட்டார். நான் பேன்ட்ரிக்குள் நுழைந்தபோது போத்தல் தலைகீழாக இருந்தது.

தம்பதி சண்டை போடவில்லை. வேறு ஒன்று கொடுத்தோம், குடித்துவிட்டுச் சிரித்தபடி போனார்கள். மேனேஜர்தான் விடவில்லை. மறுநாள் காலை டீமேக்கரை அறைக்குள் கூப்பிட்டார். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். என்னையும் கூப்பிடுவார்கள், கடைசிப் பக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். உள்ளே போய் நானாகவே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. கதவுக்கும் எனக்கும் நாலு எட்டு இருக்கும். அரை மணி நேரம் நின்றும் அந்த நாலு எட்டை வைக்கவில்லை. அவர் வெளியே வந்தபோது கழுத்திலிருந்த போ டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வேலை போயிற்று. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பின்னேரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். குவார்ட்டர்ஸ் காலியாகிறது, சூப்பர்வைசருக்கு அதைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன் என்றார். அந்த வீட்டில் இரண்டு அறை, தனிச் சமையலறை, உள்ளேயே தண்ணீர், உள்ளேயே கக்கூஸ். நாங்கள் ஐந்து தலைமுறையாக லயத்தில் ஒரு காம்பராவில், ஒற்றை அறையில், இருந்தோம். பக்கத்துக் காம்பராவில் இருமினால் எங்களுக்குக் கேட்கும். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. மழையில் வெளிக்கக்கூஸுக்குப் போவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நான் நன்றி சார் என்றேன். இந்தக் கம்பனிக்காரர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. மலை முழுக்க எங்கள் ஆட்கள் வெட்டித் திருத்தியது. அதில் ஒரே ஒரு வீட்டை இரண்டு பேர் முன்னால் போட்டுவிட்டு, யார் எடுக்கிறான் பார்ப்போம் என்று இருக்கிறார்கள். ஆனால் எடுத்தது நான். அந்தப் பழியைக் கம்பனிமேல் போட முடியாது.

காலி செய்கிற நாள், சாவியை வாங்கிக்கொள்ள என்னைத்தான் அனுப்பினார்கள். சின்ன லொறி ஒன்று வாசலில் நின்றது. அவருடைய மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார், என் பக்கம் திரும்பவில்லை. டீமேக்கர் வெறும் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டி முடித்ததும் என்னை உள்ளே கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்தக் குழாயை இறுக்கித் திருகினால் உடையும், பாதியில் விட்டாலே நிற்கும். இந்த ஜன்னலைத் தள்ளக் கூடாது, தூக்க வேண்டும். இந்தச் சுவரில் ஆணி அடித்தால் பின்னால் வயர் ஓடுகிறது. அடுப்புப் புகை எந்தக் காற்றுக்கு உள்ளே திரும்பும் என்பதுவரை சொன்னார். ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொன்னார். கடைசிப் பக்கத்தை நான் உங்களுக்குக் காட்டவில்லை, கையெழுத்து மட்டும் போட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும்,” என்றார். “மேனேஜர் தொரை அந்தத் தாள என் முன்னுக்கு வச்சி, ஒங்க கையெழுத்த மட்டும் காட்டுனாரு. நாலு பக்கமும் சொல்லிக் குடுத்தானான்னு கேட்டாரு. சொல்லிக் குடுத்தாருன்னுட்டேன்.”

ஏன் என்று கேட்டேன்.

“இல்லன்னு சொன்னா ஒங்களையும் அனுப்பியிருப்பாரு. எனக்கு வீடு திரும்பவா போவுது? கொழும்புலருந்து ஒருத்தன் வந்து குந்தியிருப்பான். தோட்டத்து ஆளு ஒருத்தராச்சும் இருக்கட்டுமேன்னுதான். ஒங்க மேல பாசம்னு நெனச்சிராதீங்க.” பிறகு, “அது கெட்ட சரக்குத்தானே. அத வெளிய விடலங்கிற நிம்மதி எனக்குப் போதும்” என்றார்.

மேனேஜர் அது உயர்ந்த சரக்கு என்று கத்தியிருக்கிறார். அவர் நம்பவில்லை. விலை கூடியது கெட்டுப் போகாதா என்று நினைத்துக்கொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு சாவியை வாங்கியிருக்கலாம். ஆனால் இரண்டு மாதம் முன்பு சொல்லியிருக்க வேண்டியதை அந்த வாசலில் நின்று சொன்னேன். வைன் ஒரு தடவை புளித்து அடங்கியதும் போத்தலில் ஊற்றி, கொஞ்சம் சீனியும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளேயே மறுபடி புளிக்கும். காற்று வெளியே போக வழியில்லை, அதுதான் குமிழி. சீனி தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் படியும். அந்த மண்டியோடேயே வருடக்கணக்காகக் குளிரில் படுக்க வைப்பார்கள். அந்த மண்டியிலிருந்துதான் ரொட்டி மணம் வைனுக்குள் இறங்குகிறது. ப்ரொசெக்கோவைப் பெரிய மூடிய தொட்டியில் செய்து சீக்கிரம் வெளியே எடுத்துவிடுவார்கள், அதனால் அதில் பழமும் பூவும்தான். ரொட்டி மணம் வந்தால் பொறுத்திருந்து செய்தது என்று அர்த்தம்.

டீமேக்கர் துடைப்பத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு குளிர் என்று கேட்டார். நம் ஊர் மார்கழி மாதிரி, வருடம் முழுக்க என்றேன். மண்டியை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கழுத்துக்கு இறக்கி, கழுத்தை மட்டும் உறைய வைத்துத் திறந்தால் மண்டி தானாக வெளியே பாய்ந்துவிடும் என்றேன். அவர் கண் எங்கோ போனது. அந்த வேலையை மனதுக்குள் ஒருமுறை செய்து பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு சட்டென்று அந்த முகம் உடைந்தது. வேலை போனபோது உடையாத முகம். வீட்டைக் கூட்டும்போது உடையாத முகம்.

“அப்ப நல்ல சரக்கையா கொட்டிட்டேன்?”

லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். இவர் நகரவில்லை. அந்தத் தம்பதி அன்றைக்குக் கடைசியில் எதைக் குடித்தார்கள் என்று கேட்டார். ப்ரொசெக்கோ என்றேன். நல்லா இருக்குதுன்னாங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“அவங்க தெரியாம குடிச்சிட்டுப் போயிட்டாங்க. நான் தெரியாம கொட்டிட்டேன்,” என்றார். “நீங்கதான் தெரிஞ்சவரு.”

சாவியை என் கையில் வைத்துவிட்டு லொறியின் பின்பக்கம் ஏறி, சாமான்களோடு உட்கார்ந்துகொண்டார்.

இப்போது நான் ஆட்களைப் பழக்கும்போது கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். யாராவது கேட்டால், தெரிந்த எல்லாவற்றையும் காரணத்தோடு சொல்கிறேன். ஷாம்பெயினோ காவாவோ வாங்கினால், ஒல்லிக் கிளாஸில் ஊற்றாதீர்கள், மூக்கு நுழைகிற கிளாஸில் ஊற்றுங்கள். முதல் தடவை அந்த ரொட்டி மணம் வந்தால் பயப்படாதீர்கள். நனைந்த சாக்கு மாதிரி, ஊறிய அட்டைப்பெட்டி மாதிரி வாடை வந்தால்தான் தக்கை கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். சந்தேகமென்றால் கவிழ்ப்பதற்கு முன் ஒருவரைக் கேளுங்கள். கேட்டால் சொல்கிற ஆளாகப் பார்த்துக் கேளுங்கள்.

கம்பனியிடம் இன்றுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில்தான் இருக்கிறேன், இந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இது அச்சில் வந்தால் யாராவது ஒருவர் மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைப்பார். பொய்க் கையெழுத்துப் போட்டவனுக்கு வேலையும் இருக்காது, வீடும் இருக்காது. அதனால் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எண்ணெய் வைத்துக்கொண்டு போன கதையும், அதற்கு அவர் சொன்ன காரணமும் வந்தபோது அம்மா கையை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். வாசித்து முடித்ததும், வீடு போனாலும் போகலாம் என்றேன்.

“அந்த ஐயா இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டார்.

“கொட்டகலையில.”

“வாடகைக்கா?”

“ஆமா. கடைக்குப் பின்னால ஒரு ரூம்.”

அம்மா முறத்தை மறுபடி எடுத்தார்.

“அப்ப அனுப்பு,” என்றார்.